சாவி அணைக்காத இறக்கம்

எடை என்று எடுத்துக்கொண்டால் அலுமினியம்தான், அதில் சந்தேகமில்லை, சந்தேகம் இருப்பதுபோல இத்தனை நாள் இழுத்ததுதான் தப்பு... செங்கத்தில் வண்டி உடைக்கிற கடையில் பெரிய இஞ்சினைப் புரட்டிப் பார்க்க மூன்று பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது, சின்னதைக் கடைக்காரரும் தானுமாகவே நகர்த்தியாயிற்று, ஆக இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆளின் எடை, இரண்டே பேர் உட்காரும் காரில் மூன்றாவதாக ஒருத்தன் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டதுபோல, அவன் இறங்கவே மாட்டான், வளைவுக்கு வளைவு வண்டியின் வாலைப் பிடித்து வெளியே இழுப்பான்... பார்த்திபன் கண்ணை மூடிக்கொண்டான். மூடினாலும் தூக்கம் வராது என்று தெரியும். ஜீப்பின் முன்சீட்டில் அவனுக்கும் கதவுக்கும் நடுவில் யாரோ திணித்த சாமை மூட்டை, காலடியில் புளிக்கூடை, பின்னால் ஏழெட்டுப் பேர் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு, புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்குகிற மத்தியான நடை. ஓட்டுகிறவன் வெற்றிவேல், பார்த்திபனின் மனைவி ஈஸ்வரிக்குத் தம்பி. இந்த ஜீப்புதான் அவன் பிழைப்பு, இஞ்சின் செத்துக் கிடக்கிற அந்தக் கார்தான் அவன் ஆசை, நேற்று பார்த்திபன் மலையேறி வந்ததிலிருந்து சோறு போடும்போதும் கேட்டான், கை கழுவும்போதும் கேட்டான், எது மாமா, ரெண்டுல எது, சொல்லு. சாயங்காலத்துக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், மற்றதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கடைக்காரர் கெடு வைத்திருக்கிறார். அடிவாரத்தில் தன் ஷெட்டு வாசலில் இறங்குவதற்குள் பார்த்திபன் வாயைத் திறந்தாக வேண்டும்.

வாயைத் திறப்பதற்குத்தான் அலுப்பாக இருந்தது. எல்லாரும் அவனிடம்தான் எது நல்லது என்று கேட்கிறார்கள், எந்த மோட்டார் போடலாம், எந்த டிராக்டர் வாங்கலாம், பெண்ணுக்குச் செல்போன் எது, கேட்கிறபோதே அவர்கள் கண்ணில் ஏற்கெனவே ஒன்று உட்கார்ந்திருக்கும், இவன் அதையே சொல்லிவிட்டால் மெக்கானிக் சொன்னார் என்பார்கள், வேறு சொன்னால் சரிங்க என்று தலையாட்டிவிட்டு அதையே வாங்கிக்கொண்டு வருவார்கள். அதில் அவனுக்கு வருத்தமில்லை. பொருளைப் பற்றிப் பொய் சொன்னதில்லை, அது ஒன்றுதான் மிச்சம், முதுகு போய்விட்டது, காது பாதி போய்விட்டது, இஞ்சினைப் பற்றிப் பார்த்திபன் சொன்னால் அது அப்படியே இருக்கும் என்கிற பேர் மட்டும் இருக்கிறது... இருந்தது என்று சொல்ல வேண்டி வருமோ இன்றைக்கு. நிற்க. முதலில் இருந்து பார்ப்போம். பெரியது ஆயிரத்து அறுநூறு சிசி, இரும்பு பிளாக், நாலு சிலிண்டர், டர்போ கிடையாது, ஒரு பழைய குடும்பக் காரில் இருந்து கழற்றியது, எண்ணெய் குடிக்கும், ஆனால் சாகாது. மிதிக்க மிதிக்கப் போகும், எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு. சின்னது ஆயிரத்து இருநூறு, அலுமினியம், மூன்று சிலிண்டர், டர்போ. வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு காற்றாடி சுற்றும், அது வெளிக்காற்றை அள்ளி இஞ்சினுக்குள் திணிக்கும், ஒரு டம்ளர் அளவு காற்றாடிதான், அது சுற்ற ஆரம்பித்தால் சின்ன இஞ்சின் பெரிய இஞ்சினைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் ஆரம்பிக்க ஒரு நொடி எடுத்துக்கொள்ளும். மிதித்தால் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, பிறகு முதுகில் ஒரு தள்ளு.

இறக்கத்துக்கு முன்னால் வருகிற கடைசி மேட்டில் ஜீப் முனகிக்கொண்டு ஏறியது. பின்னாலிருந்து திரௌபதி அக்கா, சந்தைக்குப் பலாக்கொட்டை கொண்டுபோகிறவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் எட்டி, இன்னா மெக்கானிக்கு, உங்க தவளைக்கு இன்னும் உசுரு வர்லியா என்று கத்தினாள். தவளை என்றுதான் அந்தக் காருக்கு ஊரில் பேர். பெங்களூர்க்காரர் ஒருவர் மலையில் நிலம் வாங்கிப் பலாமரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தியது, ஃபைபர் உடம்பு, தரையோடு தரையாக, இரண்டு கண் மட்டும் மேலே முழித்துக்கொண்டு, அவர் ஊரைவிட்டுப் போகும்போது இஞ்சினுக்குள் மழைத்தண்ணீர் இறங்கி இறுகிப்போயிருந்தது, எடுத்துக்கோ என்று வெற்றிவேலிடம் தள்ளிவிட்டுப் போனார். இஞ்சின் சீட்டுக்குப் பின்னால், சாமான் வைக்கிற இடம் முன்னால். முதல் தடவை மூடியைத் தூக்கிப் பார்த்த ஈஸ்வரி, இன்னாங்க இது, கவுத்துப் போட்டுப் பண்ண வண்டியா என்றாள், அப்போது சிரித்தாள்... அன்றைக்குத்தான் கடைசியாக அதைப் பார்த்துச் சிரித்தது. அது வெறும் பலாமரத்தடிச் சாமானாக இருந்தவரை அவளுக்குப் பயமில்லை. மலைப்பாதையை மூடிவிட்டு ஒவ்வொரு காராக மேலே ஏறவிட்டு நேரம் பார்க்கிற பந்தயம் ஒன்று தை மாதம் நடக்கிறதாம், கர்நாடகா பக்கம், அதற்குப் போகிறேன் என்று வெற்றிவேல் சொன்ன நாளில் அவள் சோற்றுத்தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள். பந்தயத்தில் ஏறுவதோடு சரி. ஆனால் பழகப்போவது இந்த மலையில், ஏறினவன் இறங்கித்தானே ஆக வேண்டும்.

அம்மா இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். நேற்றுக் காலையில் பார்த்திபன் மலைக்குக் கிளம்பும்போது பின்னாலேயே ரோடுவரை வந்தாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், கையில் ஈரமே இல்லை. அந்தச் சின்னது ரொம்ப வேகமாமே, பெருசே நல்லதுனு சொல்லிடுங்க. பெருசு நல்லதில்லன்னா? நல்லதுனு சொல்லிடுங்கன்னுதான சொல்றேன், நல்லதா கெட்டதானு நான் கேட்டனா, நீங்க சொன்னா அவன் கேப்பான். அவ்வளவுதான். பதிலுக்கு அவன் ஊம் என்றானா, தலையை ஆட்டினானா, இப்போது ஞாபகம் வரவில்லை, ஏதோ ஒன்று செய்திருக்கிறான், அவள் முகம் தெளிந்துவிட்டது. அவளிடம் போய் எடை, வால், அலுமினியம் என்றெல்லாம் எப்படிச் சொல்வது? வேகம் குறைந்தது பத்திரம் என்று அவள் நினைக்கிறாள், யாரும் அப்படித்தான் நினைப்பார்கள், ஆனால் பின்பக்கம் இஞ்சின் வைத்த காரில் அவ்வளவு இரும்பைக் கொண்டுபோய்ப் பின்னாலேயே ஏற்றினால் முன்சக்கரம் லேசாகிவிடும், இறக்கத்தில் ஸ்டீயரிங் தண்ணீரில் கை விட்டதுபோல இருக்கும், வளைவில் பிரேக்கை அழுத்தினால் பின்பக்கம் முந்திக்கொண்டு வரும்... அப்படியென்றால் அவள் கேட்கிற பத்திரமே பத்திரமில்லை. ஆனால் சின்னதும் அப்படி ஒன்றும் சாதுவில்லை. வளைவு நடுவில், பொறுமை இல்லாமல் மிதிக்கிறவனுக்கு, அந்த ஒரு நொடி கழித்து வருகிற தள்ளு. ஆக எது பத்திரம்? ஓட்டுகிறவனைப் பொறுத்தது. எப்படிப் போட்டுப் பார்த்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது, அது ஒரு பதிலா, மெக்கானிக் சொல்கிற பதிலா அது.

இந்த மலையில் உருண்ட வண்டிகளை மேலே இழுத்துக் கொடுக்கிறவன் பார்த்திபன்தான். சங்கிலிக் கப்பியை எடுத்துக்கொண்டு வாங்க என்று போன் வரும். இறங்கிப் போனால் அவன் முதலில் பார்ப்பது கியர். நியூட்ரலில் இருக்கும். பிறகு சாவி. அணைந்திருக்கும். எல்லாவற்றிலும் இல்லை, ஆனால் பார்த்துப் பார்த்து அவனுக்குச் சலித்துப்போகிற அளவுக்கு. மலையில் அது ஒரு வழக்கம், யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. மேட்டு முனை தாண்டியதும் சாவியை அணைத்து, கியரை எடுத்துவிட்டு, அடிவாரம்வரை பிரேக் ஒன்றையே நம்பி வண்டியைச் சும்மா உருளவிடுவது. டீசல் மிச்சம். அது மட்டுமா, ஏறும்வரை இஞ்சின் சத்தத்தில் வாயே திறக்காதவர்கள் அந்த நிசப்தத்தில்தான் பேச ஆரம்பிப்பார்கள், சக்கரம் உருளுகிற சத்தமும் காற்றும் மட்டும், பெண் பார்த்த கதை, பாகப்பிரிவினை, யார் யாரோடு பேச்சு இல்லை என்பது, மலையில் ஒரு விஷயம் ஊரறிய வெளிவருவதென்றால் ஏதாவது ஒரு ஜீப்பின் இறக்கத்தில்தான் வரும். ஈஸ்வரியைப் பெண் கேட்டு வந்த பேச்சுகூட அங்கேதான் ஆரம்பித்தது, பிடிகம்பியில் தொங்கிக்கொண்டு இவன் காது சிவக்க நின்றிருக்க... போகட்டும். வெற்றிவேலும் அணைக்கிறவன்தான். ஓட்ட ஆரம்பித்த நாள் முதல், அந்த முனையில், மூக்கைச் சொறிகிறதுபோல அவன் கை தன்னால் சாவிக்குப் போகும்.

அங்கேதான் பார்த்திபனுக்கு நேற்று ராத்திரி ஒரு வழி கிடைத்தது. பொய் இல்லாத வழி. டர்போவின் காற்றாடி ஒரு தண்டில் சுற்றுகிறது, அந்தத் தண்டு எண்ணெயில் மிதக்கிறது, மேடு ஏறி முடித்த சூட்டில் சட்டென்று சாவியை அணைத்தால் எண்ணெய் நின்றுவிடும், தண்டு தீயாகக் கொதிக்கும், நின்ற எண்ணெய் அங்கேயே கருகிக் கட்டிக்கொள்ளும், பத்துத் தடவை தாங்கும், அப்புறம் ஒருநாள் தண்டு பிடித்துக்கொள்ளும். ஆகையால், தம்பி, உன் பழக்கத்துக்கு டர்போ ஒத்துவராது. இதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. மேட்டு முனையில் ஏறினதும் அதே சூட்டில் நீ சாவியை அணைக்கிறாயே, இப்போதுகூட அணைத்தாயே பார், என்று அந்த நிசப்தத்தில், மெல்ல, பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்காமல் சொல்லிவிட்டால் போதும். ஈஸ்வரிக்குக் கொடுத்த ஊம் நிற்கும், இஞ்சினைப் பற்றிச் சொன்னதும் நிற்கும். சின்னதைப் போட்டால்தான் என்னென்ன வேலை, அந்தக் காற்றாடிக்குள் போகிற காற்றைக் குளிரவைக்க ஒரு சின்ன ரேடியேட்டர், அதை எங்கே வைப்பது, இடது பின்சக்கரத்துக்கு முன்னால் உடம்பில் ஒரு வெட்டு இருக்கிறது, பெங்களூர்க்காரர் அழகுக்கென்று வைத்தது, அங்கே வைத்தால் காற்று நேராக அடிக்கும், குழாயை எங்கும் மடக்காமல் ஒரே வளைவில் கொண்டுபோய்விடலாம், சைலன்சரை வலது பக்கம் தள்ளிவிட்டால்... வேண்டாம். போடப்போவதில்லையே. இரும்புக்கு இந்த வேலை எதுவும் இல்லை, தூக்கி வைத்து நாலு போல்ட்டு.

மேட்டு முனை வந்துவிட்டது. பாதையின் இரண்டு பக்கமும் மரங்கள் விலகி, கீழே ஏரிகளும் தென்னந்தோப்புகளும் வெயிலில் மங்கலாகத் தெரிகிற இடம். பார்த்திபன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சொல்ல வேண்டியதை ஒருமுறை மனசுக்குள் வரிசையாக ஓட்டிக்கொண்டான், முதலில் எண்ணெய், பிறகு தண்டு, பிறகு பழக்கம். ஜீப் முனையைத் தாண்டியது. மூக்கு கீழே சாய்ந்தது. சாவி அணையவில்லை. முதல் வளைவு. இன்னும் அணையவில்லை, இரண்டாவது கியரில் இஞ்சின் தம் பிடித்துக்கொண்டு கரகரவென்று இறங்குகிறது, வெற்றிவேலின் கை ஸ்டீயரிங்கில்தான் இருக்கிறது, சாவிப் பக்கம் அசையக்கூட இல்லை. மறந்துவிட்டானா, யோசனையில் இருக்கிறானா... இரண்டாவது வளைவு. பின்னால் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"டேய் வெற்றி, இன்னிக்காச்சும் சாவிய அமுத்தேன்டா. டீசலு இன்னா உன் மாமியாரு வூட்டுல இருந்து வருதா?" என்றாள் திரௌபதி அக்கா.

"எனக்கு ஏது மாமியாரு. நீதான் பொண்ணு பாக்க மாட்டேங்கிறியே."

"இந்தச் சத்தத்துல பொண்ணுனு சொன்னா பன்னுனு கேக்குது. எங்க பாக்கறது."

ஜீப்பே குலுங்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் வெற்றிவேல் இவன் பக்கம் சாய்ந்து, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல், "டர்போவுக்கு ஏறுன சூட்டுல அமுத்தக் கூடாதாமே மாமா. வீடியோல பாத்தேன். ஆடியிலேர்ந்து அமுத்தறதில்ல. கை கேக்கல மொதல்ல. கைய ஸ்டீரிங்கோட சேத்துக் கயிறு போட்டுக் கட்டிக்கினு ஓட்டனேன் கொஞ்ச நாளு, இவங்கல்லாம் கேலி பண்ணாங்க. இப்ப பழகிடுச்சு" என்றான். சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்தில் மார்க் தாளை நீட்டிவிட்டு நிற்கிறவனைப்போல நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஆடியிலிருந்து. தான் அந்த இஞ்சினைக் கண்ணால் பார்ப்பதற்கும் முன்னால் இருந்து. கையைக் கட்டிக்கொண்டு... பார்த்திபனுக்கு அதைக் கேட்டு வந்தது சந்தோஷமில்லை, அதுதான் அவனுக்கே விசித்திரமாக இருந்தது, தன் பையிலிருந்து யாரோ எதையோ எடுத்துக்கொண்டு போய்விட்டதுபோல ஒரு வெறுமை. இந்தப் பையன் மாறாமல் இருக்க வேண்டும் என்றுதானா நேற்றிலிருந்து உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருந்தேன்? அந்தக் கெட்ட பழக்கம் அவனிடம் இருக்க வேண்டும், இருந்தால் எனக்கு வசதி. சங்கிலிக் கப்பியைத் தோளில் போட்டுக்கொண்டு எத்தனை பள்ளத்தில் இறங்கி, எத்தனை நியூட்ரல் கியரைப் பார்த்து, எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். ஒருத்தன் தானாகத் திருந்தி வந்து நிற்கிறான், எனக்கு முகம் சுருங்குகிறது. பொறுமையில்லாதவன் என்று நினைத்தது போயிற்று. ஓட்டுகிறவனைப் பொறுத்தது என்றாய், ஓட்டுகிறவன் இதோ, பக்கத்தில். இப்போது நேர்மையான பதில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, இத்தனை பொறுமை இருக்கிறவனுக்குச் சின்னதுதான், லேசு, முன்சக்கரம் பிடிக்கும், வால் அடங்கும். ஈஸ்வரி காய்ந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நிற்கிறாள். நிசப்தம் இருந்தால் மெல்லச் சொல்லியிருக்கலாம், இந்த இரைச்சலில் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும், கத்திச் சொல்கிறபோது ஆகையால், இருந்தாலும் என்றெல்லாம் இழுக்க முடியாது, இரும்பு அல்லது அலுமினியம், ஒரு வார்த்தை.

"எது மாமா?"

"பெருசே போடு."

கேட்டது தன் குரல்தான். "பின்னாடி வெயிட்டு இருந்தா சக்கரம் நல்லா பிடிக்கும். சறுக்காது" என்று மேலும் கத்தினான். பாதி உண்மை. நேராக ஏறும்போது உண்மை. வளைந்து இறங்கும்போது அதே எடை என்ன செய்யும் என்பதைச் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டால் அது பொய்யா, பொய்தான், ஒரு இஞ்சினைப் பற்றி அவன் சொன்ன முதல் பொய், ஜீப்பில் இருந்த எட்டுப் பேருக்கும் கேட்கிற மாதிரி. எதிர்வாதம் வரும் என்று காத்திருந்தான். வீடியோ பார்த்தவன், ஆடியிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு பழகினவன், ஏன் மாமா, வால் இழுக்காதா மாமா என்று ஒரு கேள்வி கேட்க மாட்டானா, கேட்டால் அந்தச் சாக்கில் திருத்திக்கொள்ளலாம், யோசித்துப் பார்த்தேன்டா, நீ சொல்றதும் சரிதான் என்று... வெற்றிவேல் கேட்கவில்லை. சரி மாமா என்றான். அடுத்த வளைவை மெல்லத் திருப்பினான். தோள் கொஞ்சம் இறங்கியதுபோல இருந்தது, ஏமாற்றத்தில் இறங்கியதா, ஒரு பாரம் போய் இறங்கியதா, பக்கவாட்டில் பார்க்கிறபோது தெரியவில்லை. அவனுக்கும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்குமோ, வேண்டாம் என்று யாராவது பெரியவர்கள் சொல்லட்டும் என்று காத்திருந்திருப்பானோ. அக்கா அவனிடமும் பேசியிருப்பாளோ. இருக்கலாம். அப்படியென்றால் எல்லாருக்கும் நல்லதாகப் போயிற்று, வீட்டுக்குப் போய்ச் சொன்னால் ஈஸ்வரி கையைத் துடைப்பதை நிறுத்துவாள், முன்பக்கம் இரண்டு மணல் மூட்டை போட்டால் வாலையும் கொஞ்சம் அடக்கலாம், முன்சக்கரத்துக்கு அகல டயர் போடலாம், வழி இருக்கிறது, இரும்புக்கும் வழி இருக்கிறது. முடிந்தது. கண்ணை மூடினால் இப்போதாவது தூக்கம் வர வேண்டும்.

அடிவாரத்து வேப்பமரங்கள் தெரிந்தன. சமதளம் வந்ததும் வெற்றிவேல் வண்டியை ஓரங்கட்டி, திரௌபதி அக்காவின் மூட்டை சாய்ந்திருந்ததைச் சரிசெய்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தான். இங்கேதான் சிக்னல் எடுக்கும். "செங்கத்துக்காரருக்கு போன் போட்டுட்றேன் மாமா. பெருச எடுத்து வைங்க, சின்னத அந்த வேற ஆளுக்கே குடுத்துடுங்கனு சொல்லிட்றேன்" என்றான். குரலில் ஒன்றுமில்லை, கோபமில்லை, குறையில்லை, புளிக்கூடையை இறக்கட்டுமா என்று கேட்கிற குரல். விரல் நம்பரைத் தேடியது.

"இரு" என்றான் பார்த்திபன்.

வெற்றிவேல் நிமிர்ந்து பார்த்தான். பின்னால் இருந்தவர்களும் பார்த்தார்கள். பார்த்திபன் அந்த 'இரு'வுக்குப் பின்னால் வைக்க ஒரு காரணத்தைத் தேடினான். எடை... சொல்லியாயிற்று. சூடு, எண்ணெய், தண்டு... அவன் பழகிவிட்டான். ஈஸ்வரிக்கு வேண்டியது நடந்துவிட்டது, பையன் ஒத்துக்கொண்டுவிட்டான், இந்தச் சின்ன இஞ்சினைக் கேட்டு அழுகிறவன் இப்போது இந்த ஜீப்பில் யாருமில்லை. மனசு மட்டும் அந்த இடது பக்கத்து வெட்டுக்குள் ஒரு குழாயை மடக்காமல் வளைத்துக்கொண்டே இருந்தது, எத்தனை நாளாக வளைத்துக்கொண்டிருக்கிறது அது, யாருக்காக?

"இரு, இப்ப பண்ணாத" என்றான் மறுபடியும். கையை நீட்டிச் செல்போனின் திரையை மறைத்தான்.